ஆமைக்கு ஆகும் இலை, ஆகாத இலை

ஆமை முருங்கைக்கீரை தின்னாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், டாக்டர். காம்போடு போட்டால்தான் தின்னாது. உருவி, அருகம்புல்லோடு கலந்து வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றால் தின்னும். இந்த விஷயத்தில் அது என்னைப் போல. யாராவது வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் இட்லி இறங்காது.

ஒரு மாதமாக எங்கள் ஆமை எக்ஸ்பிரஸ் என்னென்ன தின்றது என்று கேட்டீர்கள். அதன் தீனிக்கு நான் எழுதிவரும் ரெஜிஸ்டரைக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் புரட்டினீர்கள். பிறகு ஒரு தேதிக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புப் புள்ளியில் விரலை வைத்து, "இது என்ன சார்?" என்றீர்கள். நான் பதில் யோசிப்பதற்குள் பழைய பக்கங்களுக்குப் போய்விட்டீர்கள். அங்கே ஒரு புள்ளி, மறுநாள் 'ஜெனிட்டா வருகை, காலை 6.40'. அதற்கு முந்தைய பக்கத்திலும் ஒரு புள்ளி, மறுநாள் ஒரு வருகை. எழுதித் தருகிறேன் என்றேன். நான்கு வெள்ளைத் தாள் கொடுத்துவிட்டு உள்ளே போனீர்கள். என் மகள் ஜெனிட்டா அங்கே டிரிப்ஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆமைப் பக்கத்தில் நிற்கிறாள். ஸ்டாண்டு இருக்கிறது என்று நீங்கள் சொல்லியும் கேட்கவில்லை. இருபத்துநாலாம் தேதி அவளுக்கு ஜெர்மனிக்கு விமானம். "இது பொழச்சாதான் ஏறுவேன்" என்று அவள் உங்களிடம் சொன்னது இந்த பெஞ்சு வரைக்கும் கேட்டது. இன்று பத்தொன்பது.

முதலில் ரெஜிஸ்டர். என் பெயர் ஜெபக்குமார். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தேன். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது, தாமதம் என்றால் ஏன் தாமதம் என்று எழுதுவது வேலை. கடைசிக் கட்டத்துக்குக் 'குறிப்பு' என்று பெயர். பலர் அதைக் காலியாக விடுவார்கள். நான் விட்டதில்லை. 'டயர் பஞ்சர்.' 'ரயில்வே கேட்.' 'மாடு.' என் மச்சினன் டிரைவராக இருந்தபோது ஒருநாள் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தான். 'டிரைவர், மாமியார் வீட்டில் மீன் குழம்பு' என்று எழுதினேன். அவனுக்கு மெமோ வந்தது. எனக்கு வீட்டில் இரண்டு வருடம் மீன் குழம்பு வரவில்லை. இருந்தாலும் கட்டம் காலியாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. தான் செய்ததைத் தானே தேதி போட்டு எழுதி, தானே கொண்டுவந்து டாக்டர் கையில் கொடுப்பவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

எக்ஸ்பிரஸை வாங்கியது ஜெனிட்டா. நர்சிங் முடித்து முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு சட்டை, அவள் அம்மா வசந்தாவுக்கு ஒரு புடவை, தனக்கு ஒரு ஆமைக்குஞ்சு. அப்போது உள்ளங்கை அளவு. ஆப்பிரிக்க இனம், முறையாகப் பதிவு செய்து சான்றிதழ் வைத்திருக்கிறாள். என் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் 'ஜெயக்குமார்' என்று அச்சாகியிருந்தது. ஆமையின் சான்றிதழில் ஓர் எழுத்துகூடப் பிழை கிடையாது. "இத்த மட்டும் லேட்டுன்னு எழுதாதப்பா" என்று சொல்லித்தான் அந்தப் பெயரை வைத்தாள்.

சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் முழுக்க மணல். அங்கே ஆமைக்குப் பன்னிரண்டுக்கு எட்டடி அளந்து, முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பினேன். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்து ஜெனிட்டா கிளம்பும்போது ஒரு தாளில் பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். இடது பக்கம் ஆகும் இலை: செம்பருத்தி, மல்பெரி, பூசணி, அருகம்புல், முள் சீவிய சப்பாத்திக்கள்ளி. வலது பக்கம் ஆகாத இலை: அரளி, எருக்கு, உன்னி, குரோட்டன்ஸ், மணி பிளான்ட். கீழே 'சந்தேகம்னா போடாதப்பா' என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

பட்டியலோடு மாமல்லபுரம் ரோட்டில் நர்சரி வைத்திருக்கும் தமீமிடம் போனேன்.

"இன்னா அண்ணாத்த, ரிடையர் ஆன ஒடனே பூந்தோட்டமா?"

"ஆமைக்கு, தமீம்."

"ஆமைக்கு இன்னாத்துக்குத் தோட்டம்? வாக்கிங் போவுதா?"

"தின்றதுக்கு."

"அப்ப நான் வளக்குறேன், நீ வாங்கி நடுற, அது தின்னுட்டு உன்னத் திரும்ப இங்க அனுப்புது. இந்த மாதிரி கஸ்டமரு ஒரு பத்து பேர் இருந்தா நான் வூடே கட்டிடுவேன் நைனா. அது பேரு இன்னா? எக்ஸ்பிரஸா? அது கிட்ட என் சலாம் சொல்லு."

ஆறு செம்பருத்தி, இரண்டு மல்பெரி எடுத்தேன். சந்தோஷத்தில் கொசுறாக ஒரு தொங்கு தொட்டியும் கையில் திணித்தான். "இது வூட்டுக்கு. அக்காகிட்ட குடு. டப்பு வாணாம்." மணி பிளான்ட். பட்டியலின் வலது பக்கத்தில் இருப்பது தெரியும். ஆனால் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஆள் நான். ஆமைக்கு எட்டாத உயரத்தில், அதன் அடைப்புக்கு மேலே வீட்டின் பின்பக்கச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன்.

ஜெனிட்டா கிறிஸ்துமஸுக்கு வருவாள், ஈஸ்டருக்கு வருவாள். மற்ற நாளெல்லாம் வீடியோ கால். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைப்போம். எங்களிடம் மூன்று நிமிடம், பிறகு போனை ஆமையிடம் எடுத்துப் போகச் சொல்லி அதனிடம் பன்னிரண்டு நிமிடம். இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. கடிகாரம் பார்த்துச் சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு வசந்தாவுக்குச் சிக்குன்குன்யா வந்தது. பத்து நாள் சுருண்டு கிடந்தாள். ஜெனிட்டா தினமும் வீடியோவில் வந்து, கண்ணைக் காட்டு, நாக்கைக் காட்டு என்றாள். மருந்து சொன்னாள். லீவு கிடைக்கவில்லையாம். கிடைத்திருக்காது. நர்ஸ் வேலை அப்படித்தான்.

அடுத்த மாதம் அந்த மணி பிளான்ட் வளர்ந்து, கொடி இறங்கி, நான் கவனிக்காத ஒருநாள் ஆமைக்கு எட்டிவிட்டது. எக்ஸ்பிரஸ் வாயில் எச்சில் ஒழுகியது, தீனி தொடவில்லை. போனில் காட்டினேன். மறுநாள் காலை 6.40க்கு ஜெனிட்டா செங்கல்பட்டில் இறங்கினாள்.

வசந்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "எனக்குக் கை காலு மொடங்கிக் கெடந்தப்ப போன்ல நாக்க நீட்டச் சொன்னா. இதுக்கு எச்சி ஒழுவுனா மொத வண்டி புட்ச்சு வந்துகினு கீறா. நான் அந்த மண்ணுலயே போய்ப் படுத்துக்கினு இருந்திருக்கணும்."

"அம்மா, உனக்கு வாய் இருக்கு. அதுக்கு இல்ல."

"எனக்கு வாய் கீதுன்னு இந்த வூட்ல யாருக்குத் தெரியும்?"

மூன்று பேரும் சிரித்தோம். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று பேர் சிரித்த சத்தம் அது. ஐந்து நாள் இருந்தாள். நெத்திலி வறுத்தோம். சாயங்காலம் கோட்டைப் பக்கம் கடற்கரைக்கு நடந்தோம். வசந்தா தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். எக்ஸ்பிரஸ் தேறியது, ஜெனிட்டா கிளம்பினாள். நான் குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: 'மணி பிளான்ட், இரண்டு இலை. ஜெனிட்டா, ஐந்து நாள்.' பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி. அன்றைக்கு அது வெறும் தகவல்.

கொடியை வெட்டினேன். தொட்டியைக் கழற்றவில்லை. தண்ணீர் ஊற்றினேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது குற்றம் இல்லை, கொடி கீழே தொங்குவதற்கு நான் பொறுப்பும் இல்லை. முதல் தடவை நடந்தது கவனக்குறைவு. இரண்டாவது தடவை கவனமான கவனக்குறைவு. மூன்றாவது தடவை கத்தரிக்கோல்.

அளவு போகப் போகப் பிடிபட்டது. ஓர் இலை போட்டால் எக்ஸ்பிரஸ் ஒருநாள் பட்டினி, ஜெனிட்டா போன் மட்டும் செய்வாள். இரண்டு இலைக்கு நேரில் வருவாள். மூன்று இலை போட்டால் ஒரு வாரம் தங்குவாள். மூன்று இலையை நான் எளிதில் தொடமாட்டேன். எனக்கும் மனசாட்சி இருக்கிறது.

வலித்திருக்குமா என்று கேட்பீர்கள். ஆமை கத்தாது. அது ஒரு வசதி. வாயைத் திறந்து திறந்து மூடும், முன்காலால் தாடையைத் தேய்க்கும். நான்காவது தடவையிலிருந்து நான் கிண்ணத்தோடு போனால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே நீட்டி என்னைப் பார்த்துவிட்டுத் தின்றது. தினமும் தீனி கொண்டுவருகிற ஆள் நான்தானே. அதை மட்டும் குறிப்பில் எழுதவில்லை. முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் நான் காலியாக விட்ட கட்டம் அது ஒன்றுதான்.

இதற்காகப் படித்ததில் நான் கிட்டத்தட்ட நிபுணன் ஆகிவிட்டேன். வாட்ஸ்அப்பில் ஆமை வளர்ப்பவர்களின் குழு ஒன்று இருக்கிறது, இருநூற்றுப் பன்னிரண்டு பேர். 'ஜெபக்குமார் அங்கிள், பசலை தினமும் தரலாமா?' தரக்கூடாது. 'அங்கிள், நர்சரியில் மருந்து அடித்த செம்பருத்தி?' இரண்டு மாதம் தனியாக வைத்து, புதுத் துளிர் வந்த பிறகு நடு. ஐந்து நிமிடத்துக்குள் பதில் போடுவேன். போன கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் சேர்ந்து எனக்குக் கேக் அனுப்பினார்கள். என் பேச்சைக் கேட்ட ஓர் ஆமையும் இதுவரை நோயில் விழவில்லை. இதை நீங்கள் வேறு எங்கும் விசாரித்துக்கொள்ளலாம்.

போன வருடம் ஜெனிட்டா ஜெர்மன் மொழிப் பரீட்சையில் தேறினாள். ஊர்ப்பெயரை எழுதினால் ஒரு வரி முழுக்க அடைத்துக்கொள்ளும் ஏதோ ஓர் ஊரில் மருத்துவமனை வேலை. கோயம்புத்தூரில் ராஜினாமா கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஆமையிடம் ஜெர்மன் பேசிப் பழகினாள். அது கேட்டுக்கொண்டது. கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது மூன்று இலை. அவள் தேதியைத் தள்ளிக் கேட்டாள், கொடுத்தார்கள். மறுபடி மூன்று இலை. மறுபடி கேட்டாள். அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வாசற்படியில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைப் போனில் படித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். "உடு கண்ணு, இதெல்லாம் நம்ம கையிலயா இருக்கு" என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் அப்படி என் தோளில் சாய்ந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் தப்பாக நினைப்பீர்கள். ஆனால் தாள் கொடுத்திருக்கிறீர்கள், எழுதித்தானே ஆகவேண்டும்.

பிறகு திருப்போரூரில் ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்தாள். காலையில் டிபன் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள், இருட்டுவதற்குள் வீடு. எட்டு மாதம். அந்த எட்டு மாதத்துப் பக்கங்களைப் பாருங்கள், ஒரு புள்ளி இருக்காது. எக்ஸ்பிரஸ் இரண்டு கிலோ கூடியது. ஜெனிட்டாதான் இளைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து சுவரில் உட்கார்ந்து ஆமையின் ஓட்டைத் துடைத்துக்கொண்டே, "உனக்கு நல்லாயிடுச்சுடா. எனக்குத்தான் எல்லாம் போச்சு" என்றாள். நான் நாலடி தள்ளிச் செம்பருத்தி பறித்துக்கொண்டிருந்தேன். முதல் பாதி மட்டும் என் காதில் விழுந்ததாக வைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஜெர்மனியில் வேறோர் ஊரிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. எங்களிடம் சொல்லாமலே விண்ணப்பித்திருக்கிறாள். விசாவும் வந்துவிட்டது. பெட்டி வாங்கினாள். அந்த எட்டு மாதத்தில் நான் கேட்காத ஒரு பாட்டைக் குளியலறையில் பாடினாள்.

பதினாறாம் தேதி சாயங்காலம் நானும் வசந்தாவும் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"போவட்டும்யா. புள்ள ஆசப்படுது" என்றாள் வசந்தா.

"போகட்டும். யார் வேணாம்னா?"

"அங்க குளிராமே."

"ஸ்வெட்டர் போட்டுக்குவா."

"சரி. நான் போய்க் கறிவேப்பில பறிச்சுக்கினு வரேன்" என்று பின்வேலிப் பக்கம் போனாள். எங்கள் வீட்டில் கறிவேப்பிலை மரம் முன்பக்கம் இருக்கிறது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. நானே கத்தரிக்கோலை எங்கே வைத்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பதினேழாம் தேதி காலை மூன்று இலை போட்டேன். ரெஜிஸ்டரில் இருக்கிறது. எச்சில் வடியும், இரண்டு நாள் பட்டினி கிடக்கும், பிறகு ஒரு வாரம் சோர்வு. எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான். ஆனால் நேற்று மதியம் எக்ஸ்பிரஸ் தலையை உள்ளே இழுக்கவே இல்லை. கழுத்து நீண்டு மண்ணில் கிடந்தது. ஜெனிட்டா தொட்டால் கண்ணைக்கூட மூடவில்லை. இது என் மூன்று இலை செய்கிற வேலை இல்லை என்று எனக்கு உடனே தெரிந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? இன்று காலை பதினொரு கிலோ ஆமையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் செங்கல்பட்டுவரை வந்தாள். கொஞ்ச நேரம் நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். "வேணாம்பா, இத்த இப்ப அசைக்கக் கூடாது" என்றாள்.

வயிற்றைக் கழுவிய பிறகு நீங்கள் வெளியே வந்து, இரண்டு வகை இலை இருக்கிறது என்றீர்கள். ஒன்று மணி பிளான்ட். மற்றொன்று சொரசொரப்பாக, ஓரத்தில் ரம்பம் மாதிரி பல் வைத்தது. ஒரு கை நிறைய. உன்னி இலை. "இதை ரெஜிஸ்டர்ல காணோமே சார்?" என்று கேட்டீர்கள். காணாதுதான். அது நான் போட்டதில்லை.

வசந்தாவின் குடும்பம் கருங்குழிப் பக்கம் ஊரார் ஆட்டை மேய்த்த குடும்பம். கல்யாணம் ஆகும்வரை அவளும் மேய்த்தவள். எந்த இலையைத் தின்றால் ஆடு படுத்துக்கொள்ளும், எத்தனை நாளில் எழுந்துகொள்ளும் என்று தெரிய அவளுக்கு ஃபிரிட்ஜில் ஒட்டிய தாள் தேவையில்லை. எங்கள் பின்வேலி முழுக்க உன்னி. எனக்கு இப்போது புரிகிறது, டாக்டர். கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாயா என்றால் நீ செய்திருப்பாய் என்று நினைத்தேன் என்போம். மோட்டாரை நிறுத்தினாயா என்றாலும் அதே பதில்தான். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். ஒரே வேலையை ஒரே நாளில் நாங்கள் இரண்டு பேரும் செய்தது இதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் பேசி வைத்திருந்தால் எக்ஸ்பிரஸுக்கு இவ்வளவு ஆகியிருக்காது.

அந்த உன்னியையும் என் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வசந்தா வீட்டில் உட்கார்ந்து ஜெபம் செய்துகொண்டிருக்கிறாள், எதற்கென்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் போவதில்லை. பதினான்கு புள்ளிகளும் நான் வைத்தவை. போன வருட வேலையைக் கெடுத்தது நான். இந்தத் தடவை நடந்ததும் நான் என்றே இருக்கட்டும். கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தேதியும் நேரமும் சேர்த்து.

நீங்கள் கோபப்படுவீர்கள், நியாயம். ஆனால் நான் அதன் உயிருக்கு ஆசைப்படாதவன் இல்லை. காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் தொட்டியைக் கழற்றிவிடுவேன், வேலியை வெட்டிவிடுவேன். எக்ஸ்பிரஸை வேறு யாரிடமாவது ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைப்பேன். எங்கே கூப்பிட்டாலும் வருவேன். ஜெனிட்டாவிடம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் சொல்லுங்கள், பிறகு ஒருநாள், அவள் மனசு திடமாக இருக்கும்போது. இப்போது சொன்னால் தாங்கமாட்டாள். நான் அவளுக்காகத்தான் பேசுகிறேன்.

எப்படியாவது காப்பாற்றிவிடுங்கள். இன்று தாண்டிவிட்டால் நாலு நாளில் தலை தூக்கும் என்று உள்ளே நீங்கள் சொன்னது கேட்டது. அதில் மட்டும் ஒரு சின்ன வேண்டுகோள். முப்பதாம் தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் அவளுக்கு அந்த வேலை இல்லை. வைத்தியத்தில் அவசரம் வேண்டாம், டாக்டர். முப்பத்தொன்றாம் தேதி தலை தூக்கினால் போதும்.